டாப் கியரில் சத்தம் ஏன் குறைகிறது? – லூயி ரெனோவின் கதை



கார் என்றதும் ஹென்றி ஃபோர்டு பெயரைச் சொல்லாதவர் நம் வகுப்பில் யாருமில்லை. எஞ்சின் என்றால் ஓட்டோ, டீசல், பென்ஸ் என்று முதலாண்டிலேயே மனப்பாடம் பண்ணி விடுகிறோம். ஆனால் கியர்பாக்ஸ் பாடத்தில் மட்டும் எந்த மனிதருடைய பெயரும் வருவதில்லை. லே ஷாஃப்ட், மெயின் ஷாஃப்ட், டாக் கிளட்ச் என்று படம் வரைந்து பாகம் குறித்து பத்து மார்க் வாங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம். அந்தப் படத்தை முதலில் வரைந்தவர் ஒரு இருபத்தொரு வயது பையன். அவர் எந்த எஞ்சினியரிங் கல்லூரியிலும் படித்தவரில்லை. அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பெயர் லூயி ரெனோ. நம் ஊரில் ரெனால்ட் என்று எழுதி, அப்படியே உச்சரிக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்துகளை விழுங்கிவிடுவார்களாம். நாமும் விழுங்கிக் கொள்வோம்.

1877 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் பிறந்தார். அப்பா ஆல்ஃபிரெட் ரெனோ துணியும் பொத்தானும் வியாபாரம் செய்து நன்றாகச் சம்பாதித்தவர். அண்ணன்கள் ஃபெர்னான், மார்செல் இருவரும் ஒழுங்காக அப்பாவின் தொழிலுக்குப் போனார்கள். தம்பி லூயிக்கு மட்டும் கையில் எண்ணெய்க் கறை இல்லாவிட்டால் தூக்கம் வராது. லியோன் செர்போலே என்பவர் நீராவியால் ஓடும் கார் செய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் அவருடைய பட்டறையில்தான் இந்தப் பையனைப் பார்க்கலாம். வீட்டில் அவனை எஞ்சினியராக்கிவிட ஆசைப்பட்டு, எகோல் சென்ட்ரால் என்ற பெரிய கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு உட்கார வைத்தார்கள். தேறவில்லை! கட்-ஆஃப் வராமல் டிப்ளமோவுக்கு வந்த நம்மில் பலருக்கு இந்த இடம் கொஞ்சம் இனிக்கும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் வீட்டில் பணம் இருந்தது. பாரிசுக்குப் பக்கத்தில் பில்லாங்கூர் என்ற ஊரில் தோட்டத்தோடு இன்னொரு வீடும் இருந்தது. அந்தத் தோட்டத்து மூலையில் சாமான் போட்டு வைக்கும் ஒரு மரக்கொட்டகையை அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். நமக்கு அந்த மாதிரிக் கொட்டகை யார் தருவார்கள்!

1898-ஆம் ஆண்டு. பட்டாளத்தில் கட்டாயச் சேவை முடித்துத் திரும்பிய லூயி, டி தியோன் பூத்தோன் கம்பெனியின் மூன்று சக்கர மோட்டார் வண்டியைப் பிரித்துப் போட்டு, அதே எஞ்சினை வைத்து நாலு சக்கர வண்டி கட்ட ஆரம்பித்தார். ஒரே சிலிண்டர், 273 சி.சி., ஒன்றே முக்கால் குதிரைத்திறன். இன்றைக்கு நாம் ஓட்டும் சாதாரண மோட்டார் பைக் இதைப் பார்த்துச் சிரிக்கும்.

அந்தக் காலத்துக் கார்களின் கியர்பாக்ஸ் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். பானார் லெவாசோர் கம்பெனியின் எமில் லெவாசோர், 1890-களின் தொடக்கத்தில் வழுக்கிப் பொருந்தும் கியர்களைக் காரில் கொண்டு வந்திருந்தார். நேராக வெட்டிய பற்கள். ஒன்றோடொன்று மோதித்தான் சேரும். எந்தக் கியரில் போனாலும் எஞ்சினின் சக்தி பற்சக்கர ஜோடி வழியாகத்தான் போக வேண்டும். அதன் பிறகு சைக்கிளில் இருப்பது போலச் செயின் மூலம் பின்சக்கரத்துக்கு. கியர் கத்தும், செயின் கதறும். பெரிய எஞ்சின் வைத்திருந்தவர்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டிவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு பற்சக்கர ஜோடியும் உராய்வில் கொஞ்சம் சக்தியைத் தின்று சூடாக்கி விடும் என்று நமக்குத் தெரியும். ஒன்றே முக்கால் குதிரையை வைத்துக்கொண்டு அதில் கால் குதிரையைக் கியருக்குத் தானம் கொடுக்க முடியுமா? அவருடைய ஏழை எஞ்சின்தான் அவரை யோசிக்க வைத்தது என்பது என் கருத்து.

அவர் செய்தது இதுதான். எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்டையும் வெளியே போகும் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் முகத்துக்கு முகம் வைத்தார். பக்கத்தில் இணையாக ஒரு லே ஷாஃப்ட். ஒன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் சக்தி லே ஷாஃப்டுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வரும். அதாவது இரண்டு ஜோடிப் பற்கள். மூன்றாவதாகிய டாப் கியரில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் நேருக்கு நேர் கை கோத்துக்கொள்ளும். நடுவில் எந்தப் பல்லுக்கும் பாரம் கிடையாது. எஞ்சின் ஒரு சுற்று என்றால் வெளி ஷாஃப்டும் ஒரு சுற்று. செயினையும் தூக்கிப் போட்டுவிட்டு, யுனிவர்சல் ஜாயின்ட் வைத்த புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூலம் பின் ஆக்சிலைச் சுற்ற வைத்தார். நாம் டைரக்ட் டிரைவ் என்று எழுதுகிறோமே, அது இதுதான். டாப் கியர் விழுந்தவுடன் வண்டி பெருமூச்சு விட்டதுபோல அமைதியாகிறதே, அந்த அமைதி 1898-ல் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் பிறந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. நண்பர்களோடு பந்தயம் கட்டி, மோன்மார்த்ர் பகுதியிலுள்ள லெப்பிக் தெருவின் செங்குத்தான மேட்டில் தன் குட்டி வண்டியை ஏற்றிக் காட்டினார். அன்றிரவே பன்னிரண்டு பேர் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள் என்பது எல்லாப் புத்தகங்களிலும் வரும் கதை. டைரக்ட் டிரைவின் வெற்றி என்று இதைச் சிலர் எழுதுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், அவ்வளவு மேட்டில் டாப் கியர் போட்டு யார் ஏறுவார்? லே ஷாஃப்ட் வழியாகச் சின்னக் கியரில்தான் ஏறியிருக்க வேண்டும். டாப் கியரின் அருமை மேட்டைத் தாண்டிச் சமதளத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

1899 பிப்ரவரியில் காப்புரிமைக்கு மனுப் போட்டார். அதே மாதம் ரெனோ சகோதரர்கள் என்ற பெயரில் கம்பெனி தொடங்கியது. இதில் ஒரு வேடிக்கை. கம்பெனி அண்ணன்கள் மார்செல், ஃபெர்னான் பெயரில்தான் இருந்தது. கண்டுபிடித்த தம்பி ஆரம்பத்தில் அங்கே சம்பளக்காரர்! சில ஆண்டுகளில் பல கார் கம்பெனிகள் இந்த அமைப்பைக் காப்பியடித்தன. லூயி சும்மா விடவில்லை. கோர்ட்டுக்கு இழுத்து உரிமைத்தொகை வாங்கினார்.

இந்தப் பழைய விஷயத்தால் இன்று நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். இந்த ஆண்டு எங்கள் வீட்டு வாசலில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். பின்சக்கரம் தள்ளும், நாலு கியர் உள்ள பழைய வெள்ளைக் கார். எந்தக் கார் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். என் ஃபீஸ் அந்தக் காரின் சம்பாத்தியத்திலிருந்துதான் வருகிறது. அந்தக் கார் சில மாதங்களாக ஊளையிட ஆரம்பித்தது. சவாரி ஏறுகிறவர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு பட்டறையில் காட்டியபோது, கியர்பாக்ஸ் மொத்தமாகப் போச்சு, வேறு பாக்ஸ் மாத்தணும் என்று சொல்லி, மாமாவின் இரண்டு மாத வருமானத்தைக் கேட்டார்கள். மாமா வண்டியை எடைக்குப் போட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

முதலில் ஆயில் பார்த்தேன். கொஞ்சம் குறைவு. ஊற்றினோம். சத்தம் அப்படியேதான் இருந்தது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தேன். கிளட்ச் பெடல் மேலே இருக்கும்போது கொர்ரென்று சத்தம். பெடலை மிதித்துச் சற்றுப் பொறுத்தால் சத்தம் நின்றுவிடுகிறது. ஆக, கிளட்ச் ரிலீஸ் பேரிங் நிரபராதி. அது கெட்டிருந்தால் மிதிக்கும்போதுதான் கத்தும். வண்டி நிற்கும்போதே சத்தம் வருவதால் மெயின் ஷாஃப்டின் பின் பேரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நிற்கிற வண்டியில் அவை சுற்றவே சுற்றாது. மிச்சம் இரண்டே பேர்தான். எஞ்சின் பக்கத்து இன்புட் ஷாஃப்ட் பேரிங், அல்லது லே ஷாஃப்ட்.

அப்புறம் பைபாஸ் ரோட்டுக்குப் போனோம். மாமா ஓட்ட, நான் தரையோடு தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாவற்றிலும் ஊளை. டாப் போட்டதும் அடங்கிப் போச்சு! லூயி ரெனோ எனக்கு உதவிக்கு வந்த இடம் இதுதான் நண்பர்களே. இன்புட் பேரிங் கெட்டிருந்தால் டாப்பிலும் கத்த வேண்டும், ஏனென்றால் டாப்பிலும் சக்தி அந்த ஷாஃப்ட் வழியாகத்தான் போகிறது. டாப்பில் பாரம் இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருப்பது லே ஷாஃப்ட் ஒன்றுதான். பாரம் போனதும் வாயை மூடிக்கொள்கிறது என்றால் குற்றவாளி அதுதானே. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்திருந்தால் அந்தக் கியரின் பல் உடைந்திருக்கும் என்று வேறு பக்கம் தேடியிருப்பேன்.

பக்கத்துத் தெருவில் ஓய்வாக இருக்கும் மெக்கானிக் பாயிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சரி தம்பி, இறக்கிப் பாத்துடுவோம் என்று எழுந்து வந்தார். பேட்டரி வயரைக் கழற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்று நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தார் பாய். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு ஃபிளாஞ்சிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். அதே இடத்தில் திரும்பப் பொருத்தாவிட்டால் அதிர்வு வரும். ஆயிலை வடித்தால் வெள்ளித் தூள் கலந்த மாதிரி மினுமினுப்பு. அதைப் பார்த்தவுடனே மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. பாக்ஸை இறக்கிப் பிரித்தோம். பற்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. லே ஷாஃப்டின் மேல் ஊசி ரோலர்கள் ஓடும் இடத்தில் மட்டும், கடினப்படுத்திய மேல்தோல் உரிந்து குழி குழியாக இருந்தது. வைத்த சந்தேகம் அப்படியே கையில் கிடந்தது.

புது லே ஷாஃப்ட், ஒரு செட் ஊசி ரோலர், த்ரஸ்ட் வாஷர், கேஸ்கட், ஆயில். அவ்வளவுதான் செலவு. ஊசி ரோலர்களைப் பொருத்துவதுதான் பெரிய பாடு. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று விழும். கிரீஸைத் தடவி ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, உள்ளே ஒரு டம்மி ஷாஃப்டைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, நிஜ ஷாஃப்டைத் தட்டும்போது டம்மி மறுபக்கம் வெளியே வர வேண்டும். அந்த டம்மியை நம் ஒர்க்‌ஷாப் லேத்தில் நானே கடைந்துகொண்டு போயிருந்தேன். ஃபீலர் கேஜ் வைத்து முன்பின் ஆட்டம் எவ்வளவு என்று பார்த்து மூடினோம். இப்போது மூன்றாவது கியரில்கூட மாமாவால் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்ட முடிகிறது.

சரி, கதைநாயகரிடம் திரும்புவோம். அண்ணன் தம்பிகள் தங்கள் வண்டியைத் தாங்களே பந்தயத்தில் ஓட்டிப் பெயர் வாங்கினார்கள். 1902-ல் பாரிஸ்–வியன்னா பந்தயத்தில், பெரிய பெரிய எஞ்சின் கார்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி மார்செல் முதலில் வந்தார். மறு ஆண்டு பாரிஸ்–மாட்ரிட் பந்தயம். அளவுக்கு மீறிய கூட்டம், கண்ணை மறைக்கும் புழுதி. வழியிலேயே மார்செலின் கார் கவிழ்ந்தது. அவர் பிழைக்கவில்லை. விபத்துகள் அடுக்கடுக்காக நடந்ததால் பந்தயத்தையே போர்தோ நகரில் நிறுத்தினார்கள். முன்னணியில் வந்த லூயிக்கு அங்கேதான் செய்தி தெரிந்தது. அதன் பிறகு அவர் பந்தயக் காரில் ஏறவேயில்லை. 1909-ல் ஃபெர்னானும் நோயில் இறந்தார். சம்பளக்காரராக ஆரம்பித்த தம்பி, முப்பத்திரண்டு வயதில் தனி முதலாளி.

1905-ல் பாரிஸ் டாக்சிக் கம்பெனி ஒன்று 250 கார்களுக்கு ஆர்டர் கொடுத்ததிலிருந்து தொழிற்சாலை விரிந்துகொண்டே போனது. தோட்டம் போய், பக்கத்து வீடுகள் போய், கடைசியில் ஆற்று நடுவிலிருந்த செகேன் தீவும் ஆலையாயிற்று. அந்த மரக்கொட்டகையை மட்டும் இடிக்காமல் வைத்திருந்தார்கள்.

அவருக்குப் பேச வராது. நாலு பேர் முன்னால் வாய் திணறும். மெஷினோடுதான் அவருக்கு உறவு. மனிதர்களையும் மெஷின் மாதிரிப் பார்த்தாரோ என்று எனக்குச் சந்தேகம் வருவது இந்த இடத்தில்தான். 1911-ல் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டைப் பார்த்துவிட்டு வந்தார். அதையொட்டி ஆலையில் ஸ்டாப்வாட்ச் நுழைந்தது. ஒவ்வொரு கை அசைவுக்கும் இத்தனை நொடி என்று கணக்கு. தொழிலாளர்கள் கொதித்து 1912-லும் 1913-லும் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளி இறங்கி வரவில்லை. பலர் வேலையிழந்தார்கள். டைம் அண்ட் மோஷன் ஸ்டடி என்று நாம் பரீட்சைக்குப் படிக்கும் பாடத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு பக்கம் இருக்கிறது. நாளைக்கு நாம் அந்த வாட்சுக்கு எந்தப் பக்கம் நிற்போம் என்று இப்போது சொல்ல முடியாது.

முதல் உலகப்போர் அவரைத் தேசிய வீரராக்கியது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் படை பாரிசை நெருங்கியபோது, சுமார் 600 டாக்சிகளில் சிப்பாய்களை ஏற்றி மார்ன் போர்முனைக்கு அனுப்பினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ரெனோ கார்கள். வாடகைக் கார் ஓட்டுகிற மாமாவிடம் இதைச் சொன்னபோது, டீசலுக்கு யார் காசு கொடுத்தாங்க என்றுதான் முதலில் கேட்டார்! 1917-ல் வந்த எஃப்.டி. என்ற சிறிய டாங்கி, சுழலும் பீரங்கி மேலே, எஞ்சின் பின்னே என்ற அமைப்போடு வந்தது. 3,000-க்கும் மேல் செய்தார்கள். டாங்கிகள் பெரும்பாலும் இன்றுவரை அந்த அமைப்பில்தான் இருக்கின்றன.

இரண்டாம் போர் எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டது. 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்தது. ஜெர்மானியர் ஆலைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். நான்கு ஆண்டுகளில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அவர்களுக்குப் போயின. 1942 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானங்கள் ஆலைமீது குண்டு போட்டன. சுற்றிலும் இருந்த நூற்றுக்கணக்கான மக்கள் செத்தார்கள். ஆலையை மூடியிருந்தால் மெஷின்களையும் ஆட்களையும் ஜெர்மனிக்கு அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்பது அவர் தரப்பு வாதம். ஓட்டியதால் எதிரி படைக்கு லாரி கிடைத்தது என்பது மறு தரப்பு. பாரிஸ் விடுதலையானதும் 1944 செப்டம்பரில் அவரைக் கைது செய்து ஃப்ரேன் சிறையில் அடைத்தார்கள். ஏற்கெனவே நோயால் பேச்சு குழறிப்போயிருந்த 67 வயது மனிதர். தன் பக்கத்தை வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாத நிலை. அக்டோபர் 24-ஆம் தேதி, விசாரணை தொடங்கும் முன்பே ஒரு மருத்துவமனையில் இறந்தார். சிறையில் அடித்தார்கள் என்று மனைவி சொன்னார். நிரூபணமாகவில்லை. 1945 ஜனவரியில் அரசாங்கம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. வாரிசுகள் பல ஆண்டு கழித்து, 2011-லும்கூட, கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. அரசிடமிருந்த கம்பெனி 1996-ல் மறுபடி தனியார் கைக்கு வந்தது.

அவர் நல்லவரா கெட்டவரா என்று ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம். என்னைப் பொறுத்தவரை, விசாரணை நடந்திருக்க வேண்டும். குற்றம் இருந்தால் தெரிந்திருக்கும், இல்லையென்றாலும் தெரிந்திருக்கும். ஊரெல்லாம் சத்தம் கேட்டது, ஆனால் பாக்ஸை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் 2010-ல் தொடங்கிய ஆலையிலிருந்து அவர் பெயரில் கார்கள் வெளியே வந்தன. அங்கே இன்டர்வியூவுக்குப் போகிற நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சின்னக் கார்கள் முன்சக்கரம் இழுப்பவை. அவற்றின் கியர்பாக்ஸில் லே ஷாஃப்டும் இல்லை, டைரக்ட் டிரைவும் இல்லை. எந்தக் கியரிலும் ஒரு ஜோடிப் பல் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஆகவே டாப்பில் சத்தம் அடங்குகிறதா என்ற நம் சோதனை அங்கே செல்லாது. லாரி, ஜீப், மாமாவின் பழைய கார் மாதிரி வண்டிகளில்தான் அந்தக் கொட்டகைப் பையனின் யோசனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து கியர் உள்ளவற்றில் சிலவற்றுக்கு நாலாவதுதான் நேரடி, ஐந்தாவது ஓவர் டிரைவ். சோதிக்கும் முன் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஆட்டோ லேப்பில் ஜன்னலோரம் துணி போட்டு மூடி வைத்திருக்கும் கட் செக்‌ஷன் கியர்பாக்ஸ் நாலு கியர் வகைதான். அட்டெண்டர் அண்ணனிடம் கேட்டால் துணியை எடுத்துக் கொடுப்பார். லீவரை நாலாவதில் போட்டு முன் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். வெளி ஷாஃப்ட் சுற்றுக்குச் சுற்று கூடவே வரும். கீழே லே ஷாஃப்ட் யாருக்கும் வேலை செய்யாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.